இருபத்தொரு இழை

2016ஆம் ஆண்டு கேதார கௌரி விரதத்தின் 14ஆம் நாள் நான் அடுப்படியில் மயங்கி விழுந்தேன். விழுந்ததுகூடப் பெரிய காரியமில்லை. அடுப்பில் தாச்சி நிறைய எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது, அது என்மேல் கவிழாமல் போனதுதான் பெரிய காரியம். அதில் சூரைமீன் பொரிந்துகொண்டிருந்தது.

விரத நாளில் வீட்டில் மீனா என்று கேட்பீர்கள். அப்போது எங்கள் வீட்டில் இரண்டு சமையல். பொழுதுபட்டபிறகு ஒருநேரம் நான் சாப்பிடுவதற்கு ஒரு சைவக் கறி, அது புதுச் சட்டியில். அவருக்கும் பிள்ளைகளுக்கும் மீன், அது பின்பத்தியில் வேறு அடுப்பில், வேறு சட்டியில். மீன் தொட்ட கையோடு சாமியறைக்குள் போகக்கூடாது என்பதால் மீனை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு வருவேன். சில நாள் மூன்று தரம் குளித்திருக்கிறேன். ஐப்பசி மழை வேறு. இதையெல்லாம் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. விரதம் எனக்கு, மற்றவர்கள் ஏன் வாயைக் கட்ட வேண்டும் என்று நானே எடுத்த முடிவு. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. தம்பலகாமத்தில் வயல் வீட்டில் பிறந்து திருகோணமலை ரவுணுக்குள் வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு குறையும் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்ற பெருமை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்று கணக்கு. டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, சிங்களவர், தமிழ் தெளிவாகப் பேசினார். விரதம் என்று சொன்னேன். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "சரி அம்மா, விரதம் இல்லாத நாளில் என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கின பிறகுதான் எனக்கே விளங்கியது. காலையில் தேத்தண்ணி. எல்லாரும் வெளிக்கிட்டுப் போனபிறகு இடியப்பம் மிஞ்சியிருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் பாணின் அடித்துண்டு. மத்தியானம் இரண்டரை மணிக்கு, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துப் பிசைந்து ஒரு பிடி. மீன் முடிந்திருக்கும், முள்ளுக்கரை இருக்கும். சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீ. இரவுக்கு என்ன மிஞ்சுகிறதோ அது. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். 14 நாள் விரதத்தில் இரத்தம் இவ்வளவு இறங்காது, இது வருஷக்கணக்காக இறங்கியது என்றார்.

வருஷத்தில் 21 நாள் கடவுளுக்காகப் பட்டினி கிடந்தேன். மிச்ச 344 நாளும் யாருக்காகக் கிடந்தேன் என்று வார்ட் கட்டிலில் கிடந்து யோசித்தேன். விடை வரவில்லை. அவர் ஒருநாளும் "நீ பிறகு சாப்பிடு" என்று சொன்னதில்லை. "நீ சாப்பிட்டியோ" என்று கேட்டதும் இல்லை, அது வேறு கதை.

இங்கே என் மாமியை, அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் படித்தவர். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மா இங்குள்ள பெண்பிள்ளைகளுக்கென்று தொடக்கிய பள்ளிக்கூடம் அது. மாமிக்கு அதில் படித்ததில் இருந்த பெருமை வேறெதிலும் இருந்ததில்லை. அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. வீட்டுக் கணக்கு எல்லாம் ஒரு கொப்பியில் அந்தக் கையெழுத்தில்தான். தேவாரம் முழுப் பதிகமாகப் பாடமாக்கியிருந்தார். புருஷன் இல்லாதவர் என்பதால் கௌரிக் காப்புக் கட்டுவதை விட்டுவிட்டார், விடும்படி யார் சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. கோயிலில் ஒருமுறை பிரசங்கம் செய்தவர் பெண்தான் வீட்டுக்கு விளக்கு என்று நீட்டி முழக்கியபோது, பக்கத்தில் இருந்த மாமி என் காதுக்குள் "நல்லெண்ணெய் போத்தில் என்ன விலை எண்டு இவருக்குத் தெரியுமோ" என்று கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றிரவு மாமி எல்லாரையும் விறாந்தையில் கூப்பிட்டு இருத்தினார். மகன் அப்போது ஒன்பது வயது, மகள் ஆறு. இவர் கதிரையில் இருந்தார். மாமி கௌரி விரதக் கதையைச் சொன்னார். நாங்கள் எல்லாரும் கேட்ட கதைதான். பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார். அம்மன் பக்கத்தில் ஒட்டி இருந்தபோதும், வண்டு உருவெடுத்து நடுவால் துளைத்துப் போய்ச் சிவனை மட்டும் சுற்றி வந்தார். அம்மனுக்குக் கோபம். என் பங்கைத் திருப்பித் தா என்று முனிவரின் உடம்பில் இருந்த சதையையும் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். சிவன் என்ன செய்தார்? நிற்க முடியாத முனிவருக்கு மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தார். அம்மன் வீட்டை விட்டு இறங்கினார். கௌதம முனிவரின் ஆச்சிரமத்துக்கு வந்து 21 நாள் விரதம் இருந்தார். கடைசியில் சிவன் தன் இடப்பாகத்தைக் கொடுத்தார்.

கதையை முடித்துவிட்டு மாமி இவரைப் பார்த்தார். "தம்பி, எல்லாரும் இதைப் புருஷன்ர ஆயுளுக்குப் பிடிக்கிற விரதம் எண்டு சொல்லுவினம். கௌரி ஏன் புருஷனுக்கு ஆயுள் கேக்கப்போறா? அவர் சிவன், அவருக்குச் சாவா வரும்? அவ கேட்டது பாதி."

இவர் ஒன்றும் பேசவில்லை. மகன்தான், "அப்ப பிருங்கிக்குப் பிறகு இரத்தம் வந்துதா அப்பம்மா" என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு இரத்தம்தான் கவலை.

தை பிறந்து மழை விட்டபிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாமியும் நானும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள்ளால் நடந்து போகும்போது மான்கள் காலடியில் வந்து நிற்கும், கையில் இருக்கும் வாழைப்பழத்தை மறைக்க வேண்டும். இராவணன் வெட்டுப் பக்கம், குழந்தை வேண்டிச் சின்னச் சின்னத் தொட்டில் கட்டியிருக்கும் மரத்தடியில் மாமி மூச்சு வாங்க நின்றார். நின்ற இடத்திலேயே திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தின் முதற் பாட்டை மெதுவாகப் பாடினார். "வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்" என்ற அடி வந்ததும் நிறுத்தினார். மலைமகளைத் தன் பாகமாகக் கொண்டவர் என்று முதற் பாட்டிலேயே சொல்லியாயிற்று, ஊர்க் கோயிற் பாட்டிலேயே இருக்கிறது, இதைக் கேட்க நீ ஏன் கூச்சப்படுகிறாய் என்றார். சின்ன வயதிலிருந்து அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறேன். அந்த அடியில் இப்படி ஒரு சொல் இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. பிறகு மாதுமை அம்பாள் சந்நிதியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம்.

கதையும் பாட்டும் சரி. வீட்டில் என்ன மாறியது என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒரு கோப்பை. நீலக்கரை போட்ட எனாமல் கோப்பை, விளிம்பில் இரண்டு இடம் எனாமல் கழன்று கறுப்புத் தெரியும், மூடியும் உண்டு. மாமியின் சீதனப் பாத்திரங்களில் மிஞ்சினது அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று பிடியரிசிப் பேணியில் போடுவது வழக்கம். அதோடு மாமி இன்னொரு வழக்கத்தைச் சேர்த்தார். சோறு கறி இறக்கி, சாமிக்கு வைத்த கையோடு, சமைத்தவளுடைய பங்கை அந்தக் கோப்பையில் எடுத்து மூடிவைக்க வேண்டும். சோறு, கறி, மீன் என்றால் நடுத்துண்டு. பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறல். "கறி காணாது, உன்ர கோப்பையில இருந்து கொஞ்சம் தா" என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

முதல் இரண்டு கிழமை எனக்குக் கள்ளத்தனம் செய்வது மாதிரி இருந்தது. நடுத்துண்டை எடுத்துவிட்டு வால்துண்டாக மாற்றி வைப்பேன். மாமி மூடியைத் திறந்து பார்த்துத் திரும்ப மாற்றுவார். பிள்ளைகளுக்கு இல்லாமல் நான் சாப்பிடுவதா என்று ஒருநாள் அழுதேன். மாமி அதற்குப் பதில் சொல்லாமல் மகளைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். மகள், "அம்மாவுக்கு மீன்தலை பிடிக்கும், முள்ளு பிடிக்கும்" என்றாள். எனக்கு மீன்தலையே பிடிக்காது. ஆறு வயதுப் பிள்ளை தான் கண்டதைச் சொன்னாள். அவள் பெரியவளாகி இன்னொரு வீட்டில் முள்ளுக்கரையைச் சூப்பிக்கொண்டிருப்பாள் என்று அப்போது நெஞ்சில் தைத்தது. அதன்பிறகு நான் துண்டை மாற்றவில்லை.

இரத்தம் ஏற ஏழெட்டு மாதம் பிடித்தது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன், அது கூடாது என்பது தெரியாது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். குளிசைக்குத் தேசிக்காய்த் தண்ணி, சாப்பாட்டுக்கும் பிளேன்ரீக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலம். இது ஒன்றுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த மாற்றம், மீனை விடச் சொன்னாலும் விட்டிருப்பேன், சாப்பாட்டுக்குப் பிறகான பிளேன்ரீயை விட முடியவில்லை. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, நெத்தலி எல்லாம் நாங்கள் எப்போதும் சமைப்பவைதான். கீரைக்குக் கடைசியில் தேசிப்புளி விடுவதை மட்டும் மறக்காமல் செய்தேன், புளிப்பில் உள்ள சத்து இரும்பைப் பிடித்துக்கொடுக்கும். குளிசை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். அதைப் பார்த்துப் பயந்து குளிசையை நிறுத்திய இரண்டு பேரை எனக்குத் தெரியும். நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள், வேறு மாற்றித் தருவார்கள்.

அடுத்த வருஷம் விஜயதசமிக்கு முதல்நாள் இவர் தானாக வந்து, தானும் காப்புக் கட்டப் போவதாகச் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் ஆம்பிளைகளும் கட்டுவதுதான், ஆம்பிளைக்கு வலது கை, பொம்பிளைக்கு இடது கை. இவர் அதுவரை கட்டியதில்லை. வளர்பிறைத் தசமி தொடங்கித் தீபாவளி அமாவாசை வரை 21 நாள். இவரும் விரதம் என்றதும் வீட்டில் மீன் தானாக நின்றது. இரண்டு அடுப்பு ஒன்றாயிற்று. மூன்று குளிப்பு ஒன்றாயிற்று. நான் வருஷக்கணக்காகச் சுமந்த வேலையில் பாதி, விரதத்தால் வந்த வேலையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இவர் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஐந்தாம் நாள் பின்னேரம் வந்து, பசியில் கணக்குப் பிழைக்கிறது என்றார். நான் சிரித்துவிட்டேன். பசியோடு நாலு பேருக்குச் சமைத்துப் பார்க்கட்டும் என்று மாமி சொன்னதும், ஆறாம் நாள் அவரே சமைத்தார். பருப்புக் கரிந்துவிட்டது. கரிந்த பருப்பைச் சாமிக்கும் படைத்து, அதையே எல்லாரும் சாப்பிட்டோம்.

அந்த 21 நாளில் நான் படித்ததில் பெரியது, "உதவி" என்ற சொல்லை விட்டதுதான். முன்பெல்லாம் தேங்காய் துருவித் தருவார், வெங்காயம் உரித்துத் தருவார். தந்துவிட்டு, அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்ப்பார். என்ன இருக்கிறது, என்ன முடிந்தது, நாளைக்கு என்ன என்ற நினைப்பு முழுக்க என் தலையில்தான். துருவின தேங்காயை விட அந்த நினைப்புத்தான் பாரம். அதனால் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுதாகக் கொடுக்கத் தொடங்கினோம். ஞாயிறு மத்தியானச் சமையல் அவருடையது என்றால், என்ன கறி என்று யோசிப்பதிலிருந்து சந்தைக்குப் போய் மீன் வாங்கிச் செதில் உரித்து, கடைசியில் சட்டி கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. நான் குசினிக்குள் கால் வைக்கக்கூடாது. இது அவருக்கு இருந்ததைவிட எனக்குத்தான் பெரிய கட்டுப்பாடு. சட்டியின் பின்பக்கம் கரி இருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பத் தேய்க்காமல் போக எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. ஒருமுறை ஒளித்துத் தேய்த்துப் பிடிபட்டேன்.

விரதம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்ததைக் கேட்டுச் சிலர், இந்தக் காலத்தில் விரதம் எதற்கு என்றார்கள். நான் விரதத்தை விடவில்லை. அந்த 21 நாளும் பின்னேரம் விளக்கேற்றிச் சாமியறையில் அரை மணித்தியாலம் சும்மா இருப்பேன். வருஷம் முழுக்க எனக்கென்று கிடைக்காத அரை மணித்தியாலம் அது, விரதம் என்ற பெயர் இருந்தால்தான் யாரும் கூப்பிட மாட்டார்கள். விட்டது பட்டினியைத்தான். இப்போது மத்தியானம் பாலும் பழமும் எடுக்கிறேன். பிள்ளை வயிற்றில் இருந்தால், பால் கொடுத்தால், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்தால் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஐயரிடம். பக்கத்து வளவு முஸ்லிம் ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, தங்களில் நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு, விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னார். நாங்கள் ஏன் கடவுளைவிடக் கடுமையாக இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமி எல்லாவற்றிலும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 2018இல் என் தங்கையின் மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்தியம் பார்க்க எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி வைத்துச் சரக்கு அரைப்பதில் மாமியை மிஞ்ச ஆளில்லை. பாற்சுறா வறை, வேப்பிலையும் நொச்சியும் அவித்த தண்ணியில் குளிக்க வார்ப்பது எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் தண்ணி குடிக்க விடமாட்டார். வயிறு வைக்குமாம். பால் கொடுக்கும் பிள்ளை, உதடு வெடித்துப்போய் இருந்தாள். பச்சைப்பிள்ளையின் வாயில் சீனித்தண்ணி தொட்டு வைக்கவும் தயாராக இருந்தார். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம், தாய்க்குத்தான் தண்ணி வேண்டும் என்று. மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை பெரிய கேத்தல் நிறைய மல்லித்தண்ணி கொதிக்க வைத்து ஆறவைத்து, "இது தண்ணி இல்லை, மருந்து, குடி" என்று கொண்டுவந்து கொடுத்தார். விட்டுக்கொடுக்கவும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

பிறகு 2022. மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்றது. காஸ் கடைக்கு முன்னால் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்துப் பூட்டி வரிசை வைத்திருந்தார்கள், ஆள் இல்லாமல் சிலிண்டர்களே வரிசையில் நின்றன. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கடலுக்குப் போகவில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் இல்லை. ரியூசனும் நின்றதால் மகன் வீட்டில் இருந்தான், பதினைந்து வயது. மாமி அவனைப் பிடித்துக்கொண்டார். பின்பத்தியில் மூன்று கல் வைத்து, பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் வெட்டி அடுக்கி, அடுப்பு மூட்ட அவனுக்குப் பழக்கினார். அரிசி கொதித்துப் பாதி வெந்ததும் பானையை மூடி இறக்கி, பழைய சீலையும் சாக்கும் அடைத்த பெட்டிக்குள் வைத்து அமுக்கிவிட்டால் மிச்சம் தன்பாட்டில் வெந்துவிடும். விறகு பாதி மிச்சம். இடியப்பமும் பிழியப் பழகினான். கைப்பலம் உள்ள பிள்ளை, அவன் பிழிந்தது என்னுடையதைவிட மெல்லிசாக இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் யாரும் வந்தால் உரலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பான். இப்போது ஒளிப்பதில்லை.

அந்த நாட்களில்தான் பிடியரிசிப் பேணியின் பெறுமதி தெரிந்தது. என் பிடி ஒன்றை நிறுத்துப் பார்த்தேன், 45 கிராம். மாதத்துக்கு ஒரு கிலோவும் 350 கிராமும். பெரிய கணக்கில்லை. ஆனால் கோயில்ப் பக்கம் போகமுடியாமல் இருந்த சில மாதங்களில் பேணி நிறைந்து வாளிக்கு மாறியிருந்தது. ஒழுங்கையில் கூலி வேலைக்குப் போகும் ஒருவர், வேலை இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருந்தார். மாமி வாளியைக் கொடுத்துவிடச் சொன்னார். சாமிக்கு நேர்ந்த அரிசியல்லவா என்று இழுத்தேன். "கோணேசருக்குப் பசிக்காது பிள்ளை" என்றார். கொடுக்கும்போது மகனிடம் கொடுத்துவிட்டார், அதுவும் இருட்டினபிறகு, வாளியைத் திருப்பி வாங்காமல் வரச் சொல்லி. அது நோன்பு மாதமும்கூட. கரண்ட் இல்லாத பின்னேரங்களில் ராத்தா வேலிக்கு மேலால் நோன்புக் கஞ்சி நீட்டுவார், எங்கள் வீட்டுக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சினது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அதைக் குடித்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மாமி 2023இல், கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதத்தில் போய்விட்டார். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கியது என்று சொல்லும் ஏழு கிணறுகள், சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இவர் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்ததைத் தள்ளி நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து படையல் போடும்போதுதான் அது நடந்தது. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வாழையிலையில் வைக்க வேண்டும். மச்சாள், "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன். மாமியின் வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் கோப்பையில் நடுத்துண்டு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்த மனுசி என்ன விரும்பிச் சாப்பிட்டார் என்று, அத்தனை வருஷம் ஒரே குசினியில் நின்ற எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கடைசியில் மகள்தான் சொன்னாள். அப்பம்மாவுக்குப் பாலப்பத்தின் கரை பிடிக்கும், நல்லாய்க் கருகிச் சிவந்த கரை, அதில் சீனி தூவித் தருவதாக இருந்தால் நடுப்பகுதியை எனக்குத் தந்துவிடுவா என்று. அன்றைக்கு அந்த நேரத்தில் மா கரைத்து அப்பம் சுட முடியவில்லை. மாலையில் ராத்தா வீட்டில் புளிக்க வைத்திருந்த மாவை வாங்கி வந்து, மகனும் மகளுமாகச் சுட்டுக் கரையை மட்டும் கிள்ளி இலையில் வைத்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் கோப்பை ஒருவருக்கென்று இல்லை. அன்றைக்கு யார் சமைக்கிறார்களோ அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை இவருடையது. ஆளுக்கு ஆள் என்ன பிடிக்கும் என்பதை மகள் மாமியின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். என் பெயருக்கு நேரே, "மீன்தலை இல்லை" என்று அடிக்கோடு போட்டிருக்கிறது.

ஆண்டுத்திவசம் முடியும்வரை நாங்கள் காப்புக் கட்டவில்லை. 2024இல் திரும்பத் தொடங்கினோம். கடைசி நாள் கோயிலில் சனம் முட்டி வழிந்தது. ஐயர் 21 இழை நூலில் 21 முடிச்சுப் போட்ட காப்பை இவருக்கு வலது கையிலும் எனக்கு இடது கையிலும் கட்டி முடிக்க எட்டரை மணியாகிவிட்டது. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தோம். மகனுக்கு உயர்தரப் பரீட்சை கிட்டி வந்துகொண்டிருந்தது, படி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். குசினி மேசையில் நீலக்கரைக் கோப்பை மூடியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கோப்பை, அது இவருக்கு.

கை கால் கழுவி, சாமியைக் கும்பிட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. ஓரத்தில் தேசிக்காய்ப் பாதி. பசியில் இரண்டு வாய் வைத்தபிறகுதான் தெரிந்தது.

"தம்பி, பால்கறியில உப்புக் கூடிப்போச்சு."

"தெரியும் அம்மா. தண்ணி விட்டும் பார்த்தன்" என்றான், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.